ஒரே விட்டத்தில் இரண்டு தொட்டில்

எங்கள் தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிக்குத் தமிழ் அரைகுறை. "பால் குடு", "வலி இருக்கா", "அழ வேணாம்". இவ்வளவையும் வைத்துக்கொண்டு மடுல்சீமை மலையில் பிள்ளை பெற்றவர்களை வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறார். மற்றதற்கெல்லாம் நான் வேண்டும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பதுளையில் தங்கிப் படித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட சிங்களம் இன்னும் நாக்கில் இருக்கிறது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் புள்ளைக்காம்பராவில் மாதத்துக்கொரு முறை கிளினிக் நடக்கும். மிஸ்ஸி சிங்களத்தில் சொல்வார், பக்கத்தில் நின்று நான் தமிழில் சொல்வேன்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. சம்பளம் வாங்கும் வேலையைவிடப் பிடித்திருந்தது என்றே சொல்லிவிடுகிறேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் ஒட்டியிருக்கும் லயத்தில் நான் ஒரு வீட்டு மருமகள்தான். ஊற்று நீர் கொட்டும் பீலியில் தண்ணீர் எடுக்கப் போனால் எனக்கென்று யாரும் குடத்தை நகர்த்தி வைக்க மாட்டார்கள். ஆனால் மிஸ்ஸி பக்கத்தில் நிற்கும்போது அத்தனை பேரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்த கடைசி மாதத்திலும் அந்த இடத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த மாதம்தான் மிஸ்ஸி குழந்தையைத் தூங்க வைப்பது பற்றிச் சொன்னார். பிள்ளையை எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். படுக்கை சமமாகவும் அழுத்தமாகவும் இருக்கட்டும். தலையணை வேண்டாம், முகத்துக்குக் கிட்டே கம்பளியோ துணியோ வேண்டாம். குளிர் என்றால் உடம்பில் இன்னொரு சட்டை போடுங்கள். உங்களோடு அதே அறையில் இருக்கட்டும், ஆனால் உங்கள் படுக்கையில் வேண்டாம். சேலைத் தொட்டிலில் தூங்கப் போட வேண்டாம், தலை முன்னால் சாய்ந்து நாடி நெஞ்சில் முட்டினால் பச்சைக் குழந்தைக்கு மூச்சு அடைத்துப்போகும். இதையெல்லாம் அவர் ஒரு தங்கச்சியிடம் பேசுவதுபோலத் தணிந்த குரலில் சொன்னார். என் வாய்க்கு வந்ததும் அதற்குக் கொம்பு முளைத்துவிட்டது.

"தொட்டில்ல போட்டுட்டு கத பேசப் போயிர்றீங்களே, அது புள்ளயா, இல்ல வெலிமடையிலருந்து வர்ற உருளக்கெழங்கு மூட்டையா?" என்றேன். மிஸ்ஸி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் சிரித்தார்கள். மிஸ்ஸியும், நான் நன்றாகத்தான் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவள் எங்கள் பக்கத்துக் காம்பராக்காரி. அவளும் அப்போது வயிற்றோடு இருந்தாள். பூனாகலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், புருஷன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை, மாமியார் மாமனார் கிடையாது. முதல் பிள்ளை. நான் சொல்லச் சொல்ல அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. மனப்பாடம் செய்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

என் மகன் பிறந்தான். ஊருக்கடி உபதேசம் உனக்கில்லடி கண்ணே என்று சொல்வார்களே, அது அவனோடு சேர்ந்தே பிறந்தது.

அவனை மல்லாக்கப் போட்டால் சூடான சட்டியில் போட்டதுபோலத் துள்ளுவான். தோளில் போட்டால் தூங்குவான், கீழே வைத்தால் விழிப்பான். பதுளையிலிருந்து என் வீட்டுக்காரர் நீலப் பெயின்ட் அடித்த ஒரு மரக் கட்டிலை, சுற்றிக் கம்பி வைத்ததை, பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டார். அவருக்குப் பதுளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். வந்த அன்று அந்தக் கட்டிலைப் பார்க்க அரை லயமும் வந்து போனது. அதில் மகன் முழுசாக ஒரு தூக்கம் தூங்கியதில்லை. பகலெல்லாம் அவனை நெஞ்சில் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு மத்தியானம் அப்படியே கண்ணயர்ந்து, என் கை நழுவிய அதிர்ச்சியில் விழித்தேன். அவன் முகம் என் கக்கத்துக்குள் புதைந்திருந்தது. உட்கார்ந்தபடி பிள்ளையோடு தூங்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்று மிஸ்ஸி சொன்னதையும் என் வாயாலேயே தமிழில் சொல்லியிருந்தேன். இரவுகளைப் பற்றி எதுவும் எழுதப் போவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னாலும் தெரியாது.

கொழுந்து எடுத்துவிட்டு வந்த மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கினார்.

"ஏம்மா, தொட்டில்ல போடாத புள்ள தூங்குமா? ஓம் புருசன் என்ன பலகையிலயா வளந்தான்?"

"மிஸ்ஸி வேணாம்னு சொல்லியிருக்காங்க மாமி."

"மிஸ்ஸி இங்கயா இருக்கு?"

மாமியாரே பழைய சேலை ஒன்றை எடுத்து, கயிற்றை மேலே வீசி விட்டத்தில் கட்டினார். ஆட்ட ஆரம்பித்ததுமே அவன் கண் செருகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பாயில் விழுந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனேன். அந்தத் தூக்கத்தின் ருசியை இப்போது நினைத்தாலும் எனக்கு அதன் மேல் ஆசையும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன.

லயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுடையது வரிசையின் கடைசியில் இருக்கும் கோடிக் காம்பரா. எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரைவரை எட்டாது. அவள் கருவாடு பொரித்தால் எங்களுக்குக் கண் எரியும், நாங்கள் சண்டை பிடித்தால் அவளுக்குத் தூக்கம் கெடும். தகரத்தைத் தாங்கும் விட்டம் ஒன்றே ஒன்று, எல்லாக் காம்பராவின் தலைக்கு மேலாகவும் ஓடுகிறது. அதில் ஒரு பக்கம் கயிறு கட்டி ஆட்டினால் மறுபக்கம் முனகும், கரிப்புகை பிடித்த தூசி உதிரும். எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் அவளுக்குக் கேட்காது என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு முதலில் தங்கள் கண்ணைத்தான் மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மிஸ்ஸி வீடு பார்க்க வரும் நாளில் அவருடைய குடை கீழ்ப் பாதையில் தெரியும்போதே எங்கள் வீட்டில் வேலை தொடங்கிவிடும். நீலக் கட்டிலில் மலையாகக் கிடக்கும் துணிகளை அள்ளிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளுவேன். தொட்டில் சேலையைச் சுருட்டி விட்டத்தின் மேலேயே எறிந்துவிடுவேன். மகனைக் கட்டிலில் மல்லாக்கப் போட்டு, பாலால் வயிறு நிரம்பியிருக்கும்படி முன்கூட்டியே பார்த்துக்கொள்வேன். மிஸ்ஸி ஏறி வர எடுக்கும் நேரத்தில் இவ்வளவும் முடியும்.

ஒருநாள் அவர் வந்திருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரியும் தன் மகளைத் தூக்கிக்கொண்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் வந்து நின்றாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போய், தலைமயிர் ஒட்டிப்போய், நிற்கவே தெம்பில்லாமல் இருந்தாள். மிஸ்ஸி அவளை உள்ளே கூப்பிட்டு, நீலக் கட்டிலைக் காட்டினார்.

"டீச்சர் எப்படி வைத்திருக்கிறார் பார்த்தாயா? இப்படித்தான் வைக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லுங்கள் டீச்சர்."

என் புகழ்ச்சியை நானே மொழிபெயர்த்தேன். "நாங்க வச்சிருக்குற மாதிரி வைக்கணுமாம்," என்றேன். அவள் கட்டிலைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். "சரிங்க டீச்சர்," என்றாள். மேலே மட்டும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று தீர்மானித்துக்கொண்டவள்போல நின்றாள்.

அடுத்த நாளே, கேட்பதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து வந்ததுபோல, வாசலில் நின்று கேட்டாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. கீழ வச்சா புள்ள ஒரே கத்து. ஒரு பொட்டுத் தூங்க மாட்டேங்குது. ஒங்க தம்பி எப்புடிங்க கட்டில்ல தூங்குறான்?"

அவள் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாள். இவனும் தூங்குவதில்லை, நானும் உன்னைப்போலச் செத்துக்கொண்டிருக்கிறேன், வா, ஒருத்தி தூங்கும்போது மற்றவள் முழித்திருந்து இரண்டையும் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நான் டீச்சர் குரலில் சொன்னேன்:

"பழக்கணும். மொதல்ல அழுவத்தான் செய்யும். நாமதான் மனசக் கல்லாக்கிக்கணும்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் முழுக்க அவள் மகள் அழும் சத்தம் சுவருக்கு மேலாக வந்தது. இந்தப் பக்கத்தில் நான் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து ஒரு மழைப் பொழுதில், என் கையைக் கயிற்றிலிருந்து எடுத்த பிறகும் விட்டம் முனகியது. எங்கள் அடுப்புப் பக்கமாகக் கரித்தூசி உதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் தொட்டில் கட்டிவிட்டாள். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். சந்தோஷமாக இருந்தது. அவளாலும் முடியவில்லை, நான் மட்டும் இல்லை என்று ஒரு நிம்மதி. எழுந்து போய், வேண்டாம், அதில் போடாதே என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் நான். எந்த முகத்தோடு போவது என்று உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு அவள் ஆட்டும்போது என் தொட்டிலும் மெல்ல ஆடும், நான் ஆட்டும்போது அவளுடையதும் ஆடியிருக்கும். பீலியில் பார்த்துக்கொண்டால் மழையைப் பற்றிப் பேசினோம்.

அது நடந்தது ஒரு மத்தியானம். பனிமூட்டம் இறங்கி வாசலே தெரியவில்லை. அவள் மகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்து சேலையை விலக்கிப் பார்த்தவளின் அலறல்தான் எனக்குக் கேட்டது. ஓடினேன். பிள்ளை சேலையின் மடிப்புக்குள் சரிந்து, நாடி நெஞ்சில் முட்ட, துணி முகத்தை மூட, சுருண்டு கிடந்தது. நான்தான் தூக்கினேன். உதடு நாவல் பழத்தைத் தின்றதுபோல இருந்தது, உடம்பில் பிடிமானமே இல்லை. பாயில் நேராகக் கிடத்தித் தலையை நிமிர்த்தி, உள்ளங்காலைச் சுண்டினேன். முதுகைத் தேய்த்தேன். கடவுள் பெயர்கூட வாயில் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு, பிறகு அழுகை. அந்த அழுகையைக் கேட்க மாட்டாமல்தானே நாங்கள் இருவரும் கயிறு கட்டினோம்!

த்ரீவீலரில் அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் உள்ளே வந்து கத்தியை எடுத்து என் தொட்டில் கயிற்றை அறுத்தேன். மாமியார் வந்து அறுந்து தொங்கிய கயிற்றைப் பார்த்தார். கீழே கிடந்த சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை, வைத்துப் பார்த்துவிட்டு நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் லயம் அவளைச் சும்மா விடவில்லை. "புள்ளயத் தொங்கவுட்டுட்டு தண்ணிக்குப் போனவ," என்று அவள் காதுபடவே பேசினார்கள். டீச்சர் அவ்வளவு படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காதவள் என்றார்கள். பீலியடியில் அதை நானும் கேட்டேன். குடம் நிரம்பியதும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயம் தெரிந்து மிஸ்ஸி அவள் வீட்டுக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டார், நான் இல்லாமல் எப்படிப் பேசுவார்? அவள் மகளை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொன்னதுதானே? டீச்சர் உனக்குச் சரியாகச் சொல்லவில்லையா? ஏன் தொட்டில் கட்டினாய்? கேளுங்கள் டீச்சர்," என்றார் மிஸ்ஸி.

நான் கேட்டேன். அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட என் நாக்கு இன்னும் இந்த வாய்க்குள்தான் இருக்கிறது. அவள் என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மிஸ்ஸியைப் பார்த்துச் சொன்னாள்.

"டீச்சர் எல்லாம் சரியாத்தாங்க சொன்னாங்க. எனக்குத்தான் வெளங்கல. நான் மக்கு மிஸ்ஸி."

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். எனக்குச் சிங்களத்தில் எத்தனையோ வாக்கியங்கள் தெரியும். அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல், அப்படியே மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பிழையில்லாமல் நான் மொழிபெயர்த்ததே இல்லை.

"பாவம்," என்றார் மிஸ்ஸி. "இந்தத் தரம் மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள்."

மெதுவாகச் சொன்னேன். பாலைக் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் எடுத்து, கண் செருகும்வரை கையில் வைத்திரு. அப்புறம் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் இரு. அழுதால் தூக்கு, அடங்கினால் திரும்பவும் கிடத்து. உனக்கே தூக்கம் தாங்கவில்லை என்றால் வேறொருத்தர் கையில் கொடு. கடைசி வரியைச் சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது. "சரிங்க டீச்சர்," என்றாள் அவள். யார் கையில் கொடுப்பது என்று கேட்கவில்லை.

அன்றுமுதல் பகலில் அவள் தூங்கட்டும் என்று அவள் மகளை நான் போய் வாங்கி வருவேன். நீலக் கட்டிலைக் காலி பண்ணி அதில் கிடத்தினேன், என் மகனுக்குத் தரையில் தட்டையாக மெத்தை விரித்தேன். இருவரும் மாறி மாறி அழுதார்கள், நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். மெல்ல மெல்லப் பழகினார்கள். அவள் நன்றி சொன்னாள். அந்த நன்றியை வாங்கிக்கொண்டதும் என் கணக்கில்தான் சேரும்.

அடுத்த கிளினிக் வந்தது. புள்ளைக்காம்பரா நிறையப் பெண்கள். மிஸ்ஸி தூக்கத்தைப் பற்றியே மறுபடியும் பேசினார். இந்தத் தோட்டத்தில் அண்மையில் ஒரு பிள்ளைக்கு ஆபத்து வந்து தப்பியது என்றார், பெயர் சொல்லவில்லை. நான் அதைத் தமிழில் சொன்னதும் அத்தனை தலையும் பக்கத்து வீட்டுக்காரி பக்கம் திரும்பியது. அவள் மகளின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட பொத்தானையே கழற்றிக் கழற்றிப் போட்டாள்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. மிஸ்ஸியிடம் சிங்களத்தில் சொன்னேன். என் மகனும் தொட்டிலில்தான் தூங்கினான் மிஸ். நீங்கள் வரும்போது மட்டும் கட்டிலில் போட்டேன். என் தொட்டில் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் கட்டினாள். அவள் என்னிடம் வந்து கேட்டாள், நான் பொய் சொன்னேன். சிங்களத்தில் அது வேகமாக வந்துவிட்டது. வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல இருந்தது.

மிஸ்ஸி கோபப்படவில்லை. "இதையும் அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள் டீச்சர்," என்றார்.

"மிஸ்ஸி என்னாங்க சொல்றாங்க?" என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

என் முகத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி சட்டென்று சொன்னாள்: "ஒண்ணுமில்லக்கா. புள்ளய மல்லாக்கப் போடச் சொல்றாங்களாம்."

"இல்ல," என்றேன். பிறகு தமிழில் சொன்னேன். தமிழில் ஒவ்வொரு சொல்லும் கல்லாக இருந்தது. உருளைக்கிழங்கு மூட்டை என்று சிரிக்க வைத்த அதே இடத்தில் நின்று, அதே பெண்களிடம், தலை குனிந்து சொல்லி முடித்தேன்.

யாரும் என்னை ஏசவில்லை. அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. அவளை எல்லோரிலும் அதிகமாக ஏசிய வயதான அக்கா ஒருத்தி அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, நாங்க இம்புட்டு ஏசுனப்பவும் ஏண்டி வாயத் தொறக்கல?"

அவள் மகளைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"டீச்சர் சொல்றது பொய்யினு ஆயிருச்சுன்னா, அப்புறம் மிஸ்ஸி சொல்றத நீங்க யாருக்கா நம்புவீங்க? எம் புள்ள தப்பிச்சுருச்சு. மத்த புள்ளைங்க இருக்குல்ல?"

மிஸ்ஸி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவள் என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்டார். அதையும் நான்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது.